இரண்டு வீட்டு டீ

ஊட்டச்சத்துப் பயிற்சியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஆறு பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தீர்கள். ஒரு பெண் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிட்டாள். எத்தனை கிராம் புரதம், எத்தனை கலோரி என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். உங்களுக்கு வராவிட்டாலும் உங்கள் கைபேசிக்கு வரும். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான இந்த வேலையில் நான் எங்கெங்கே அசடு வழிந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால், நீங்கள் அதே இடத்தில் வழியாமல் புதிதாக வேறு இடம் பார்த்து வழியலாம். அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

சின்னதில் ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். எடை குறைய வேண்டும். ‘காலை: இட்லி இரண்டு’ என்று எழுதி, இரண்டுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார். எடை கூடியிருந்தது. “ரெண்டுக்கு மேல தொட்டதே இல்ல மேடம்” என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். நான் உடனே தைராய்டு பரிசோதனை, அது இது என்று பெரிய பெரிய காரணங்களைத் தேட ஆரம்பித்தேன். எங்கள் பிரிவின் தலைவி பக்கத்து மேசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, உங்க வீட்ல இட்லி எதுல ஊத்துவாங்க?”

“மூங்கில் குடலைலதாம்மா. எங்க குடும்பமே கோயிலுக்குக் குடலை இட்லி போடற குடும்பமாச்சே!”

காஞ்சிபுரத்துக் குடலை இட்லியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழங்கை நீளம் இருக்கும். ஒன்றை வெட்டினால் ஒரு குடும்பமே சாப்பிட்டு எழுந்துவிடலாம். அந்த மனிதர் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று தினமும் இரண்டு குடலையை முடித்திருக்கிறார். “ரெண்டாவதை முடிக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும் மேடம். ஆனா நீங்க கோடு வேற போட்டிருந்தீங்க” என்றார்.

தலைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நீ உன் வீட்டு இட்லியை எழுதிக் குடுத்திருக்க. அவர் தன் வீட்டு இட்லியைச் சாப்பிட்டிருக்கார். இதுல தைராய்டு என்ன பண்ணும் பாவம்?”

நானும் சிரித்தேன். பாடம் படித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். படிக்கவில்லை என்பது தெரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதைதான் உங்களுக்கு முக்கியம்.

மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊட்டச்சத்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அட்டவணை எழுதித் தருவதோடு வேலை முடியாது. ஆளோடு கூடவே நடந்து, சாப்பிடும் பழக்கத்தை மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அங்கே சேர்ந்த இரண்டாம் வருடம் ஏழுமலை வந்தார்.

ஐம்பத்தைந்து வயது. நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. ஊர்ப் பஞ்சாயத்தில் அவரும் ஒருவர். கட்டையான உடம்பு, கடலுக்குக் கேட்கிற குரல். கூட அவர் மனைவி மல்லிகா. இடது கால் கட்டை விரலில் சிப்பி கிழித்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. சர்க்கரை நோய். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

“கட்டவெரலு இல்லாம படகுல எப்டிம்மா நிக்கறது?” என்று ஏழுமலை என்னைக் கேட்டார். “அலை தூக்கசொல்ல அதான் பலகைய புடிச்சிகினு நிக்குது. அதை எடுத்துட்டா நான் கரையில குந்திகினு வலைக்கு ஈய மணிதான் கோக்கணும்.”

விரலைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். அந்த வயதிலும் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் அளந்த சோறு, நிறைய கீரை, குழம்பு மீன். வறுவல் கிடையாது. ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நடுக்கடலிலிருந்துகூடப் படம் வரும். தூக்குச்சட்டி, பின்னால் அடிவானம். கிளினிக்கில் எல்லோருக்கும் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை வந்தது. வெறும் வயிற்றில் எடுத்த அளவு ஓரளவு பரவாயில்லை. மூன்று மாதச் சராசரி மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். என்னைப் பார்த்து, “உங்க மாடல் பேஷண்ட் என்ன சாப்பிடறார்னு கொஞ்சம் விசாரிங்க” என்றார். அந்த ‘மாடல்’ என்கிற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை ஏழுமலையும் மல்லிகாவும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் பரிசோதனைக் காகிதத்தை மேசையில் தட்டி, “போட்டோல ஒண்ணு, வயித்துல ஒண்ணா? ரத்தம் பொய் சொல்லாது, ஏழுமலை. யார் பொய் சொல்றாங்க?” என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மல்லிகாவின் முகம்தான் மாறியது. ஒரு ஊரே தன் சண்டைகளைக் கொண்டுபோய் நிறுத்தும் மனிதரை, அவர் மனைவியின் முன்னால் பொய்யர் என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். புண்விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முன்பக்கம் வெட்டிய செருப்பு.

“ஏம்மா, நான் தின்னதை நான் காட்டிட்டேன். நம்பறதும் நம்பாததும் ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து படம் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். தட்டில்லாத வாட்ஸ்அப் எனக்கே பசி போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே இன்னொன்று. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் திருத்திய புது அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மல்லிகா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். “அவரு பஞ்சாயத்துக்குப் போய்க்கீறாரு மேடம்” என்றாள். எங்கே என்று கேட்டு நானும் போனேன். இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் வலை உலர்த்தும் இடத்தைப் பற்றி ஏதோ தகராறு. ஏழுமலை முதல் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் கட்சியைக் கேட்டார். டீ வந்தது. குடித்தார். எழுந்து இரண்டாவது வீட்டுக்குப் போனார். அவர்கள் கட்சியைக் கேட்டார். டீ வந்தது. குடித்தார். பிறகு வெளியே நின்று இடத்தை அளந்தார்கள். சமாதானம் ஆயிற்று. சமாதானத்துக்கு எல்லோருக்கும் பன்னீர் சோடா. அதையும் குடித்தார்.

எனக்கும் இரண்டு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். முதல் வீட்டு அம்மாள் டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஒரு வாய் குடித்தேன். நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது. அது டீயல்ல, டீ நிறத்தில் காய்ச்சிய பாகு.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “ஏழுமலை, இந்த டீயை ஏன் படம் அனுப்பலை?”

அவர் நின்று என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். “நீங்க சாப்பாட்டைத்தானம்மா அனுப்ப சொன்னீங்க? இது இன்னா சாப்பாடா? இது பஞ்சாயத்து.”

“ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும்?”

“சண்டையைப் பொறுத்து கீது. நல்ல நாள்ல ரெண்டு. சீசன்ல எட்டு, பத்து கூட போவும்.”

“வேணாம்னு சொல்லலாமே?”

“எப்டிம்மா சொல்றது? ஒரு வூட்ல குடிச்சிட்டு அடுத்த வூட்ல வாணாம்னா, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும். ரெண்டு வூட்லயும் வாணாம்னா, இவன் யாரு பெரிய கலெக்டரான்னு ரெண்டு பேருமே சேந்துப்பானுங்க.”

அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கேள்விதான் கோணல்.

அங்கேயே மணலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கம்மா” என்று கையசைத்தார். விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த போதை என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் வரும். குற்றவாளி பிடிபட்டுவிட்டான், உடனே தூக்கில் போடு என்று மனசு குதிக்கும். நான் மல்லிகாவைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு சொட்டு டீ, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு வாய் சோடா இவருக்கு யாரும் தரக் கூடாது, விரல் போய்விடும் என்று சொன்னேன். கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

மல்லிகா காரியக்காரி. நேராக அம்மன் கோயிலுக்குப் போய் மைக்கில் சொல்லச் சொல்லிவிட்டாள். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஊர் முழுக்கக் கேட்டது: “இதனால சகலமானவங்களுக்கும் இன்னான்னா, ஏழுமலை அண்ணாத்தைக்கு யாரும் சக்கரை குடுக்கக் கூடாது. இது டயட்டம்மா உத்தரவு. குடுத்தா அவரு வெரலுக்கு அவங்கதான் பொறுப்பு.”

எனக்கு ஒரு பெயரும் கிடைத்தது, ஒரு அரசாங்கமும் கிடைத்தது போல இருந்தது. சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினேன். டாக்டருக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீங்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், நீங்கள் என்னைவிட நல்ல பயிற்சியாளர்.

வியாழக்கிழமை மல்லிகா போன் செய்தாள். “மேடம், ரெண்டு நாளா அவருக்குக் காலைல வேர்த்து வேர்த்து ஊத்துது. கை லேசா ஆடுது. இன்னான்னு தெரியல.”

“டீயை நிறுத்தினா அப்படித்தான் இருக்கும். ஏக்கம். ஒரு வாரத்துல சரியாப் போயிடும்” என்றேன். அந்தச் சமயம் என் முன்னால் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றியைப் பார்வையிட மறுபடி குப்பத்துக்குப் போனேன். அன்றைக்கும் பஞ்சாயத்து. விவகாரம் இதுதான்: ஒரு வீட்டில் கல்யாணம். பத்திரிகைக் கட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு தேசம்மாவின் ஆடு வந்து பாதிக் கட்டைத் தின்றுவிட்டது. தேசம்மாவுக்கு முதல் பத்திரிகை வைக்கவில்லை என்ற கோபத்தில் அவளே ஆட்டை ஏவிவிட்டாள் என்பது கல்யாண வீட்டார் கட்சி. ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது என்பது தேசம்மா கட்சி.

வெயில் ஏறிக்கொண்டே போனது. இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஆட்டையும் சாட்சிக்குக் கட்டி வைத்திருந்தார்கள். ஏழுமலை கூட்டிய மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, அரைக் கிண்ணம் கூழ் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வழக்கு முடியவில்லை. எல்லோருக்கும் டீ வந்தது. அவரைத் தாண்டிப் போனது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“பத்திரிகையைத் தின்னது ஆடு. அப்போ பத்திரிகை ஆட்டுக்குத்தான் வந்துக்கீது. கல்யாண வூட்டுக்காரங்க தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சி ஆட்டுக்கு முறையா பத்திரிகை வைக்கணும்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. “போடு அண்ணாத்த!” என்று யாரோ விசில் அடித்தார்கள். தேசம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு சில விநாடிகள் நானும் சிரித்தேன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. ஒருவர் வேடிக்கையாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்ப்பார். இவர் யாரையும் பார்க்கவில்லை. கண் ஆட்டுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. மேல்துண்டு நனைந்து ஒட்டியிருந்தது. மற்றவர்களுக்கும் வேர்த்திருந்தது, ஆனால் அவர் நெற்றியில் இருந்தது குளிர்ந்த வேர்வை. கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டி. விரல்கள் தானாக ஆடின. “ஏழுமலை, என் பேர் என்ன?” என்றேன். “ஆட்டுக்கு… தாம்பாளம்…” என்று நாக்குக் குழறியது.

சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிட்டது. டீயின் சர்க்கரையும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அந்த அளவுக்குக் கூட்டிய மாத்திரை அது. டீயை நான் நிறுத்திவிட்டேன், மாத்திரை நிற்கவில்லை. விட்டால் கொஞ்ச நேரத்தில் நினைவு போய்விடும். விழுங்க முடிகிற வரையில்தான் வாய்வழியாகக் கொடுக்கலாம்.

எழுந்து கத்தினேன். “சர்க்கரை! யாராவது சர்க்கரை கொண்டாங்க! சீக்கிரம்!”

ஒருவரும் அசையவில்லை.

“சர்க்கரைங்க! இவருக்குக் குடுக்கணும்!”

“இன்னாம்மா சொல்றீங்க?” என்றார் ஒரு பெரியவர், என்னைச் சந்தேகமாகப் பார்த்து. “மைக்குல சொல்லிக்கீறாங்களே. குடுத்தா வெரலு பூடுமாமே.”

“நான்தாங்க சொன்னேன்! நானே சொல்றேன், குடுங்க!”

“நீங்கதான் வாணாம்னீங்க. இப்போ நீங்களே குடுன்றீங்க. எதை எடுத்துக்கறது?” என்று நியாயமாகக் கேட்டார். பஞ்சாயத்து ஊர் அல்லவா.

தட்டில் இருந்த டீ டம்ளர்கள் எல்லாம் காலி. ஓடினேன். பக்கத்தில் இருந்தது தேசம்மாவின் வீடு. கேட்காமல் சமையலறைக்குள் நுழைந்தேன். ஒரு பலகையில் வரிசையாக டப்பாக்கள். ஒன்றைத் திறந்தேன்: மிளகாய்த்தூள். இன்னொன்று: கேழ்வரகு மாவு. மூன்றாவதில் வெள்ளையாக இருந்தது; வாயில் போட்டால் பொடி உப்பு. நான்காவது பொரிகடலை. இத்தனை வருடம் ஊரில் இருக்கிற சமையலறைகளையெல்லாம் பற்றிப் பேசிச் சம்பாதித்தவள், ஒரு சமையலறைக்குள் நின்றுகொண்டு சர்க்கரை எங்கே இருக்கும் என்று தெரியாமல் மூடிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சில நொடிகளில் எனக்கு வந்த பயம் யாருக்கும் வர வேண்டாம்.

பின்னாலேயே மல்லிகா வந்தாள். என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். ஒரு டப்பாவையும் தொடாமல், நேராகச் சாமிப் படங்களுக்குப் பின்னால் கையைவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

“மைக்கு போட்டதுல இருந்து எல்லா வூட்லயும் இங்கதான் ஒளிச்சி வெச்சிக்கீறாங்க” என்றாள். “அவரு கைக்கு எட்டக் கூடாதுன்னு.”

ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு ஓடினோம். தேசம்மா அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். கல்யாண வீட்டு அம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். மல்லிகா கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். விழுங்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்குள் ஒருவர் வேன் எடுக்க ஓடினார். கால் மணி நேரம். அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஏழுமலையின் கண் மெல்லத் திரும்பி வந்தது. சுற்றிலும் பார்த்தார். “இன்னா எல்லாம் ஒரு மாதிரி பாக்கறீங்க? நான் இன்னா சொன்னேன்?”

“ஆட்டுக்குப் பத்திரிகை வைக்கச் சொன்னய்யா” என்றாள் மல்லிகா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “சொல்லிட்டேனா?”

“சொல்லிட்ட.”

“அப்போ வெச்சிடுங்க. சொன்ன தீர்ப்பை மாத்தக் கூடாது.”

வேன் வருவதற்குள் தாம்பாளம் வந்துவிட்டது. வெற்றிலை, பாக்கு, மீதி இருந்ததில் ஒரு பத்திரிகை. கல்யாண வீட்டு அம்மாள் ஆட்டின் முன்னால் வைத்து, “குடும்பத்தோட வந்துடு” என்று முறையாக அழைத்தாள். ஆடு வெற்றிலையை முதலில் தின்றது, பிறகு பத்திரிகையை. தேசம்மா சிரித்தாள், அழுதாள், பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வழக்கு அத்தோடு முடிந்தது. என் வழக்கு முடியவில்லை.

சோறு கொஞ்சம் சாப்பிட வைத்து அவரை வேனில் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், புண் மூடும்வரை கடலுக்குப் போகக் கூடாது என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “டீயை நிறுத்தினதை எனக்கு யார் சொல்லணும்?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இந்தக் கதையில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மாத்திரை சாப்பிடுகிறவரின் தட்டில் கை வைப்பதற்கு முன், மாத்திரை எழுதியவரிடம் பேசுங்கள். அந்தப் போனுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். இந்தத் தடவை கையில் அட்டவணை இல்லை. ஏழுமலை வீட்டு வாசலில் பாயை விரித்து ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “வாங்க டயட்டம்மா, உக்காருங்க” என்றார் ஏழுமலை. “உங்க மேல ஒரு பிராது வந்துக்கீது.”

வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. முறைப்படி நடந்தது. முதல் குற்றம், பஞ்சாயத்தாரைப் பொய்யர் என்றது. இரண்டாவது, ஊரைக் கேட்காமல் ஊருக்கு உத்தரவு போட்டது. இரண்டுக்கும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டேன். மூன்றாவது குற்றத்தை மல்லிகா எழுந்து சொன்னாள்.

“யக்கா, நான் போன் பண்ணேன். வேர்க்குது, கை ஆடுதுன்னு சொன்னேன். முப்பது வருசமா அவரு கூட குப்பை கொட்டறேன். அவருக்கு ஒடம்பு எப்ப சரியில்லன்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஏக்கம்னீங்க. நானும் பெரிய படிப்பு படிச்சவங்க சொல்றாங்களேன்னு வுட்டுட்டேன்.”

முதல் இரண்டும் காதில் விழுந்தன. மூன்றாவது எங்கேயோ உள்ளே விழுந்தது. “தப்புதான் மல்லிகா” என்றேன். அவள் உட்கார்ந்தாள்.

ஏழுமலை தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் குப்பத்துக்கு வர வேண்டும். வாரம் ஒரு வீடு. அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் என்ன போடுகிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். கை கழுவுகிற வரைக்கும் வாயைத் திறந்து ஒரு புத்திமதி சொல்லக் கூடாது.

“டீ விஷயம்?” என்று கேட்டேன்.

“அதுக்கும் தீர்ப்பு ஆயிடுச்சி. இனிமேட்டு பஞ்சாயத்துன்னா ரெண்டு வூட்லயும் வெறும் தண்ணிதான். யாருக்குமே டீ கிடையாது. எனக்கு மட்டும்னாதான பேஜாரு? கடல் தண்ணியையே நெம்மேலில குடிதண்ணி ஆக்கறானுங்க. டீயை தண்ணி ஆக்க முடியாதா நம்மளால?”

நான் ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இந்த யோசனை எனக்கு வந்திருக்காது. ஒருவரின் பழக்கத்தை மாற்ற அந்த ஆளை மட்டும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஊரின் பழக்கத்தையே கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டார். அதனால்தான் அது நிலைத்தது.

தண்டனையை ஒழுங்காக அனுபவித்தேன். வாரம் ஒரு வீடு. சுறாப்புட்டு, நண்டுக் குழம்பு, காரப்பொடி மீன், ஒரு வீட்டில் பழைய சோறும் சுட்ட கருவாடும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டதில் எத்தனையோ தெரிந்தது. யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு மீனின் நடுத்துண்டு போகிறது, கடலுக்குப் போகும் நாளும் போகாத நாளும் எப்படி வேறு வேறு வயிறு என்பதெல்லாம். மூன்றாம் வாரம் முதல், கை கழுவியதும் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். டாக்டருக்கு வாராவாரம் போன் செய்தேன். அவர் ஒருமுறை, “போதும்மா, நம்பறேன்” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

அடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி இறங்கியிருந்தது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பொறுமையாக, இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. விரல் தப்பியது. ஏழுமலை மறுபடி கடலுக்குப் போன முதல் நாள் எனக்கு ஒரு படம் வந்தது. தட்டு இல்லை. படகுப் பலகையும் அதன்மேல் ஊன்றிய ஒரு கட்டை விரலும்.

பன்னிரண்டாவது ஞாயிறு தேசம்மா வீட்டில் சாப்பாடு. இறால் தொக்கு. கை கழுவிவிட்டு வந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, “தண்டனை முடிஞ்சுது. நான் வரட்டுமா?” என்றேன்.

மல்லிகா வெற்றிலையை மடித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“யாரு சொன்னது முடிஞ்சிடிச்சின்னு? போன வாரமே நாங்க அப்பீல் பண்ணிக்கீறோம். தண்டனை பத்தலன்னு. அடுத்த ஞாயிறு எங்க வூடு.”

நல்லவேளை, நான் வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.